கிடப்பில் கிடக்கும் ஐ.டி. பங்கு எப்போது அசையும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2021 உச்சத்தில் ஐ.டி. பங்கு வாங்கியவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் ஏராளம். நெய்வேலியில் ஓய்வு பெற்று பணிக்கொடையில் ஒரு பகுதியை டீமேட் கணக்கில் போட்டவர்கள், பிள்ளை வேலை பார்க்கும் நிறுவனம் என்பதற்காகவே அதன் பங்கை வாங்கியவர்கள், வங்கி வட்டி போதவில்லை என்று வந்தவர்கள் என்று எல்லோரும் இன்று கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "லாபம் வருகிறது, டிவிடெண்ட் வருகிறது, விலை மட்டும் ஏன் அசையவில்லை?" இதற்குத் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வரும் பதில் பெரும்பாலும் ஒரே வரி: "விலை வெகுவாகக் குறைந்துள்ளது, இது வாங்கும் வாய்ப்பு." சந்தைக் கணக்குகளைத் தொடர்ந்து பார்த்து வருபவர்கள் என்ற முறையில் அந்த வரியை நாங்கள் ஏற்கவில்லை. மலிவு என்பது எந்தப் பங்கையும் ஏற்றிவிடாது. மலிவாகவே பத்து ஆண்டு கிடந்த பங்குகள் உண்டு. அசைவு வேறு இடத்திலிருந்து வருகிறது. அது எங்கே தெரியும், எதில் ஏமாந்து போவோம் என்பதை விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. பங்கு விலை என்பது இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, ஒரு பங்குக்கு நிறுவனம் ஆண்டில் சம்பாதிக்கும் லாபம், இதை இ.பி.எஸ். என்பார்கள். இன்னொன்று, அந்த லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலை கொடுக்கச் சந்தை தயாராக இருக்கிறது என்பது, இது பி.இ. ஒரு நிறுவனத்தின் இ.பி.எஸ். 50 ரூபாய், பி.இ. 30 என்றால் விலை 1,500. அடுத்த நான்கு ஆண்டில் லாபம் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்து இ.பி.எஸ். 73 ரூபாயைத் தொடுகிறது என்று வையுங்கள். அதே காலத்தில் பி.இ. 30-லிருந்து 20.5-க்கு இறங்கினால் விலை அதே 1,500-தான். நிறுவனம் நான்கு ஆண்டு உழைத்தது. அந்த உழைப்பு முழுவதையும் மடங்கு குறைந்ததே விழுங்கிவிட்டது. பங்கு தூங்கியதாக நமக்குத் தெரிகிறது. உண்மையில், தொடக்கத்தில் கொடுத்த கூடுதல் விலைக்கான கடன்தான் இத்தனை நாளும் அடைபட்டுக்கொண்டிருந்தது.

இதற்கு மைக்ரோசாஃப்டைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1999 டிசம்பரில் அந்தப் பங்கு 60 டாலரை நெருங்கியது. பிறகு 2013 வரை பெரும்பாலும் 25 முதல் 35 டாலருக்குள்ளேயே உழன்றது. ஆனால் அதன் இ.பி.எஸ். அந்தக் காலத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. 60 மடங்குக்கு மேல் இருந்த பி.இ., 12 அளவுக்கு இறங்கியது. 2013 ஆகஸ்டில் அப்போதைய தலைவர் ஸ்டீவ் பால்மர் ஓய்வு பெறப்போவதாக அறிவித்த அன்று பங்கு சுமார் 7 சதவீதம் ஏறியது. 2014 பிப்ரவரியில் சத்யா நாதெல்லா பொறுப்பேற்றார். பழைய உச்சத்தைப் பங்கு தாண்டியது 2016 அக்டோபரில். தலைவர் மாறியதால்தான் ஏறியது என்று பலர் எழுதுகிறார்கள். எங்கள் கருத்து அதிலிருந்து சற்று விலகியது. ஆஃபீஸ் மென்பொருளை ஒரே முறை விற்பதிலிருந்து மாதச் சந்தாவுக்கு மாறியதும், கிளவுட் (இணையவழிக் கணினிச் சேவை) வருவாய் காலாண்டுக்குக் காலாண்டு கூடுவது அறிக்கையில் தனியாகத் தெரிய ஆரம்பித்ததும்தான் மடங்கைத் திருப்பியவை. அதன் கிளவுட் சேவையான அஸ்யூர் 2010-லேயே வந்துவிட்டது, ஆஃபீஸ் 365 அடுத்த ஆண்டு வந்தது. விதை போட்டது முந்தைய தலைவரின் காலத்தில். அது கணக்கில் கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் சந்தை விலை கொடுத்தது.

எதிர்ப்பக்கம், கணினி வலையமைப்புக் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ. 2000 மார்ச்சில் சுமார் 80 டாலர், நூறு மடங்குக்கும் மேலான பி.இ. நிறுவனம் அழியவில்லை, 2001 நிதியாண்டில் நஷ்டம் கண்டாலும் அதன் பிறகு லாபம் பெருகியது. ஆனாலும் அந்த விலையை மறுபடி எட்ட ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின. நல்ல நிறுவனமா என்ற கேள்வி மட்டும் போதாது. இன்றைய விலையில் எத்தனை ஆண்டு வளர்ச்சியை ஏற்கெனவே சேர்த்து வாங்குகிறோம் என்பதையும் கேட்க வேண்டும்.

அப்படியானால் மடங்கைத் திருப்புவது எது? லாபம் கூடுவது மட்டும் அல்ல. சந்தை எதிர்பார்த்திருந்த வேகத்துக்கும் நிறுவனம் காட்டும் வேகத்துக்கும் இடையிலான இடைவெளி. 2023 மே மாதம் சிப் நிறுவனமான என்விடியா, அடுத்த காலாண்டில் 11 பில்லியன் டாலர் வருவாய் வரும் என்றது. ஆய்வாளர்கள் எதிர்பார்த்திருந்தது 7 பில்லியனைச் சற்றே தாண்டிய தொகை. மறுநாள் பங்கு சுமார் 24 சதவீதம் ஏறியது. நம் ஊர் இன்ஃபோசிஸிலும் இதே இயக்கம்தான். 2013 ஏப்ரலில் அந்த ஆண்டுக்கான வளர்ச்சிக் கணிப்பு 6 முதல் 10 சதவீதம் என்று வந்தது. எதிர்பார்ப்பு அதைவிட அதிகம். ஒரே நாளில் பங்கு சுமார் 21 சதவீதம் விழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் நினைத்ததைவிட நல்ல காலாண்டு வந்தபோது ஒரே நாளில் 10 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. இரண்டு நாளிலும் நிறுவனம் அதே நிறுவனம்தான். மாறியது, வரப்போகும் நான்கு காலாண்டைப் பற்றிய கணிப்பு.

ஆகவே பார்க்க வேண்டிய இடம் காலாண்டு அறிக்கை. இது யாருக்கும் மறைக்கப்பட்ட ஆவணம் அல்ல. காலாண்டு முடிந்த 45 நாளுக்குள், ஆண்டு முடிவென்றால் 60 நாளுக்குள், முடிவுகள் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. ஆகிய பங்குச்சந்தைகளின் இணையதளங்களில் வந்தாக வேண்டும். ஆய்வாளர்களுடன் நிர்வாகம் பேசும் கூட்டத்தின் எழுத்து வடிவம் ஐந்து வேலை நாளுக்குள் வரும். தொலைக்காட்சி விவாதத்தில் செலவழிக்கும் ஒரு மணி நேரத்தை இதில் செலவழித்தால் நூறு மடங்கு பலன்.

அந்த அறிக்கையில் எந்த வரியை முதலில் பார்ப்பது? செய்தித் தலைப்பில் வரும் நிகர லாபத்தை அல்ல. கான்ஸ்டன்ட் கரன்சி வளர்ச்சியைத்தான், அதாவது நாணய மதிப்பு மாறாமல் இருந்திருந்தால் வருவாய் எவ்வளவு கூடியிருக்கும் என்பதை. ஐ.டி. நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி டாலரில் வருகிறது. டாலருக்கு நிகரான ரூபாய் மதிப்பு ஒரு காலாண்டில் 3 சதவீதம் இறங்கி, நிறுவனத்தின் ரூபாய் வருவாய் 4 சதவீதம் கூடியிருந்தால், உண்மையில் கூடிய வேலை வெறும் 1 சதவீதம். "வருவாய் 4 சதவீதம் உயர்வு" என்று நாம் படிக்கும் செய்தியில் முக்கால்வாசி ரூபாயின் வீழ்ச்சி. இந்த உயர்வுக்குச் சந்தை மடங்கு கொடுக்காது, கொடுத்தாலும் நிலைக்காது. ரூபாய் 1 சதவீதம் சரிந்தால் இயக்க லாப விகிதம் (வருவாயில் தொழில் செலவு போக மிஞ்சும் பங்கு) கால் சதவீதப் புள்ளி அளவுக்குக் கூடும் என்பது துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. அதிலும் ஒரு பகுதி, முன்கூட்டியே டாலரை விற்று வைத்த ஒப்பந்தங்களின் நஷ்டத்தில் போய்விடும்.

அடுத்து பருவம். டிசம்பர் காலாண்டில் அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் விடுமுறையில் போவதால் வேலை நாள் குறையும். அதைச் செப்டம்பர் காலாண்டோடு ஒப்பிட்டு "வளர்ச்சி நின்றுவிட்டது" என்பதும், மார்ச் காலாண்டோடு ஒப்பிட்டு "திரும்பிவிட்டது" என்பதும் தவறு. டிசம்பரை முந்தைய டிசம்பரோடு ஒப்பிட வேண்டும். சம்பள உயர்வு கொடுக்கும் காலாண்டில் லாப விகிதம் ஒன்று, ஒன்றரை சதவீதப் புள்ளி இறங்குவது வழக்கம். சம்பள உயர்வைத் தள்ளிப்போட்டு லாப விகிதத்தைக் காப்பாற்றிய நிறுவனத்தைப் பாராட்டி எழுதுவதைப் பார்க்கிறோம். அது அடுத்த இரண்டு காலாண்டில் ஆட்கள் வெளியேறுவதாகத் திரும்பி வரும். அதனால் ஊழியர் வெளியேற்ற விகிதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புதிய ஒப்பந்த மதிப்பு என்ற வரி மிகவும் ஏமாற்றக்கூடியது. 5,000 கோடி ரூபாய் ஒப்பந்தம் என்று தலைப்பு வந்த அன்று பங்கு 3 சதவீதம் ஏறி, வாரக் கடைசியில் பழைய இடத்துக்கே வந்துவிடும். அந்த ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? பத்து ஆண்டு என்றால் ஆண்டுக்கு 500 கோடி. அதில் பழைய ஒப்பந்தத்தின் புதுப்பிப்பு எவ்வளவு, முற்றிலும் புதியது எவ்வளவு? புதுப்பிப்பு 60 சதவீதம் என்றால் புதிதாக வருவது ஆண்டுக்கு 200 கோடி. 40,000 கோடி வருவாய் உள்ள நிறுவனத்துக்கு அது அரை சதவீதம். பெரிய ஒப்பந்தங்களின் முதல் ஆண்டில் வாடிக்கையாளரின் ஊழியர்களையும் கணினிகளையும் தம் பக்கம் எடுத்துக்கொள்ளும் செலவு இருப்பதால், வருவாய் கூடும்போதே லாப விகிதம் இறங்கவும் செய்யும். புதிய ஒப்பந்த மதிப்பு மூன்று, நான்கு காலாண்டு தொடர்ந்து கூடி, அதற்குப் பிறகு கான்ஸ்டன்ட் கரன்சி வளர்ச்சியும் கூடுகிறதா என்பதே கேள்வி. முதலாவது கூடி இரண்டாவது கூடவில்லை என்றால், புதிய வேலை வரும் அதே வேகத்தில் பழைய வேலை கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். செயற்கை நுண்ணறிவால் வேலை சீக்கிரம் முடிகிறது, ஆகவே விலையைக் குறையுங்கள் என்று வாடிக்கையாளர்கள் புதுப்பிப்பின்போது கேட்பது இந்தக் கசிவின் ஒரு பெரிய ஓட்டை. அவர்களே பெங்களூரிலும் சென்னையிலும் சொந்த மையம் திறந்துகொள்வது இன்னொன்று.

சேவை நிறுவனமும் மென்பொருள் தயாரிப்பு நிறுவனமும் ஒரே மாதிரி அசைவதில்லை. ஒரு கணக்குப் பார்ப்போம். இரண்டுக்கும் வருவாய் 500 கோடி. சேவை நிறுவனத்தின் செலவு 400 கோடி, லாபம் 100 கோடி. தயாரிப்பு நிறுவனத்தின் செலவு 450 கோடி, லாபம் 50 கோடி. இரண்டுக்கும் வருவாய் 100 கோடி கூடுகிறது. சேவை நிறுவனம் அந்த வேலையைச் செய்ய ஆள் எடுக்க வேண்டும். செலவு சுமார் 78 கோடி கூடும், லாபம் 122 கோடி. தயாரிப்பு நிறுவனத்தில் மென்பொருள் ஏற்கெனவே எழுதி முடித்தது. விற்பனை, பராமரிப்புச் செலவு 30 கோடி கூடினால் லாபம் 120 கோடி. வருவாய் ஒரே அளவில் கூடியும் ஒன்றின் லாபம் 22 சதவீதமும் மற்றதன் லாபம் 140 சதவீதமும் கூடுகிறது. வருடக்கணக்கில் படுத்துக்கிடந்த தயாரிப்பு நிறுவனப் பங்குகள் திடீரென்று எழுந்து நிற்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஆரக்கிள் ஃபைனான்ஷியல் சர்வீசஸ் சாஃப்ட்வேர் இப்படித்தான் அசைந்தது. வங்கிகளுக்கான மென்பொருள் விற்கும் நிறுவனம். சுமார் பத்து ஆண்டுகள் பெரும்பாலும் 3,000, 4,000 ரூபாயைச் சுற்றியே நின்றது; பெரிய டிவிடெண்ட் கொடுத்ததால் டிவிடெண்டுக்கான பங்கு என்றே பெயர் வாங்கியது. 2024 ஜனவரியில் வந்த காலாண்டு முடிவில் லாபம் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 69 சதவீதம் கூடியிருந்தது. உரிம விற்பனை பெருகியதே காரணம். மறுநாள் பங்கு 25 சதவீதத்துக்கும் மேல் ஏறியது, அந்த ஆண்டு முடிவதற்குள் 12,000 ரூபாயைத் தாண்டியது. இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனத்தின் பங்கில் ஏறத்தாழ 73 சதவீதம் தாய் நிறுவனத்திடம் இருக்கிறது. சந்தையில் கைமாறுவது மீதிதான். வாங்க வந்தவர்களுக்குச் சரக்கு குறைவு, அதனால் வேகம் கூடியது. உரிம வருவாய் ஒரு காலாண்டில் குவியும், அடுத்ததில் வற்றும் என்பதையும் மறக்கக் கூடாது; பின்னர் அந்தப் பங்கு உச்சத்திலிருந்து கணிசமாக இறங்கவும் செய்தது. சென்னையின் இன்டெலெக்ட் டிசைன் அரீனாவும் இதே வகை. 2014-ல் பொலாரிஸிலிருந்து பிரிந்து, மென்பொருள் உருவாக்கச் செலவால் சில ஆண்டு நஷ்டத்தில் தவித்து, 2020-21 நிதியாண்டில் லாபம் பல மடங்கு பெருகியபோதுதான் விலை பல மடங்கானது.

இனி யாரும் அதிகம் பேசாத பக்கம்: விற்பவர்கள். லாபம் திரும்பிய பிறகும் சில பங்குகள் ஆறு மாதம், ஓர் ஆண்டு அசையாது. காரணம், மேல் விலையில் மாட்டிக்கொண்டவர்கள் "அசல் வந்தால் போதும்" என்று காத்திருப்பது. விலை அந்த மட்டத்தைத் தொடும்போதெல்லாம் விற்பனை கொட்டும். கடலூர் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்தால் எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படகு கடலுக்குள் போக முடியாது. மணல் அகல வேண்டும். பங்கிலும் அப்படித்தான், அந்தச் சரக்கு பொறுமையானவர்கள் கைக்கு மாற வேண்டும். இதைப் பார்க்க வழி இருக்கிறது. காலாண்டு முடிந்த 21 நாளுக்குள் பங்குதாரர் விவரம் இணையதளத்தில் வரும். அதில் முகமதிப்பில் இரண்டு லட்சம் ரூபாய் வரை பங்கு மூலதனம் வைத்திருக்கும் சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கையையும் மியூச்சுவல் ஃபண்ட், வெளிநாட்டு முதலீட்டாளர் பங்கையும் நான்கு காலாண்டுக்கு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விலை நிற்கும்போது சிறு முதலீட்டாளர் எண்ணிக்கை குறைந்து ஃபண்டுகளின் பங்கு கூடினால் சரக்கு மாறிக்கொண்டிருக்கிறது. விலை இறங்க இறங்கச் சிறு முதலீட்டாளர் எண்ணிக்கை மட்டும் பெருகினால் நிலைமை மோசம். பெரியவர்கள் இறக்கிவைத்த சுமையை நம்மவர்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். நிறுவனத்தில் தனியார் முதலீட்டு நிதி ஒன்று 20, 25 சதவீதம் வைத்துக்கொண்டு அவ்வப்போது மொத்தமாக விற்றுவந்தால், அது கடைசிப் பங்கை விற்கும் வரை விலை அழுத்தத்தில்தான் இருக்கும். நிறுவனத்தின் மொத்தப் பங்கில் அரை சதவீதத்துக்கு மேல் ஒருவர் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ அந்த விவரம் அன்று மாலையே பங்குச்சந்தை தளத்தில் வரும். அதையும் என்.எஸ்.இ. தரும் டெலிவரி சதவீதத்தையும் (அன்றே விற்கப்படாமல் வாங்கியவர் கணக்குக்குப் போகும் பங்கின் அளவு) சேர்த்துப் பார்த்தால், அன்றன்று வாங்கி விற்கும் ஆட்டம் எது, எடுத்து வைப்பது எது என்று ஓரளவு புரியும்.

போனஸ், ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1,500 ரூபாய்ப் பங்கு ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் கையில் 750 ரூபாய்ப் பங்கு இரண்டு. மதிப்பில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

நிறுவனம் தன் பங்கையே திரும்ப வாங்கும் பைபேக் சற்று வேறு. 2025 செப்டம்பரில் இன்ஃபோசிஸ் 1,800 ரூபாய் வீதம் 10 கோடிப் பங்கை 18,000 கோடி ரூபாய்க்குத் திரும்ப வாங்க முடிவெடுத்தது. மொத்தப் பங்கில் அது சுமார் 2.4 சதவீதம். ஆகவே இ.பி.எஸ். அதிகபட்சம் அவ்வளவுதான் கூடும்; கொடுத்த பணத்துக்கு வந்துகொண்டிருந்த வட்டியைக் கழித்தால் இன்னும் குறைவு. பதிவுத் தேதியன்று இரண்டு லட்சம் ரூபாய்க்குள் பங்கு வைத்திருப்பவர்களுக்கு 15 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு என்பதால் சிறியவர்கள் கலந்துகொள்வது பல சமயம் லாபமே. ஆனால் பைபேக் வரிவிதி அடிக்கடி மாறியிருக்கிறது. அந்தந்த ஆண்டு விதியைக் கணக்காளரிடம் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். பைபேக்கால் மட்டும் பங்கு எழாது என்பதற்கு ஐ.பி.எம். சாட்சி. பில்லியன் கணக்கில் பங்கைத் திரும்ப வாங்கியும், 2012 முதல் 2017 வரை தொடர்ந்து 22 காலாண்டு வருவாய் சரிந்த நிறுவனத்தின் விலையை அது தாங்கவில்லை.

உண்மையில் அசைக்கக்கூடியவை பிரிப்பும் உரிமை மாற்றமும். 2019-ல் பிர்லாசாஃப்டுடன் இணைந்து பின் பிரிந்த மாற்றத்தில் கே.பி.ஐ.டி. வாகன மென்பொருளுக்கான தனி நிறுவனமாகப் பட்டியலிடப்பட்டபோது விலை சுமார் 100 ரூபாய். 2023-ல் 1,000 ரூபாயைத் தாண்டியது. பல தொழில் கலந்து கிடந்தபோது கிடைக்காத மடங்கு, வேகமாக வளரும் ஒரே தொழிலாகத் தனித்து நின்றபோது கிடைத்தது. ஹெக்ஸாவேரில் நடந்தது வேறு வழி. 2020-ல் பங்கைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள உரிமையாளர் முன்வந்தபோது தரை விலை, அதாவது கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலை, சுமார் 265 ரூபாய். பங்குதாரர்கள் கேட்ட விலையில் கணக்கு முடிந்தது 475 ரூபாயில்.

தலைவர் மாற்றத்தைப் பற்றி எச்சரிக்கை தேவை. விப்ரோவில் 2020 ஜூலையில் புதிய தலைவர் வந்தார். சுமார் 220 ரூபாயில் இருந்த பங்கு 2021 அக்டோபரில் 700 ரூபாயைத் தாண்டியது. கோவிட் காலத் தேவையும் கேப்கோ நிறுவனத்தை வாங்கியதும் வளர்ச்சியைத் தூக்கிக் காட்டின. 2022 முடிவதற்குள் பங்கு 400 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. 2023-24-ல் வருவாயே குறைந்தது. 2024 ஏப்ரலில் அவர் விலகினார். புதிய தலைவர் வந்த செய்தியில் வாங்குவதைவிட, அவர் வந்து நான்கு காலாண்டு கழித்து, வாங்கிய நிறுவனங்களின் வருவாயைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போதும் வளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. முதல் 20 சதவீத ஏற்றம் கைநழுவும். நழுவட்டும்.

எந்தப் பங்கும் ஒருநாள் அசைந்தே தீரும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. சி.டி., டி.வி.டி. தயாரிப்பில் உலகின் முன்னணியில் இருந்த மோசர் பேயர், மக்கள் பென் டிரைவுக்கும் இணையத்துக்கும் மாறியபோது கடனில் மூழ்கி 2018-ல் கலைப்புக்குப் போனது. விலை இறங்க இறங்க மேலும் வாங்கி ஆவரேஜ் பண்ணிக்கொண்டே போனவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. சத்யம் கணக்கில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லாத பணம் இருப்பதாகக் காட்டப்பட்டது 2009 ஜனவரி 7 அன்று வெளியானபோது, பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கும் மேல் மதிப்பிழந்தது. ஆகவே மலிவாகத் தெரியும் சிறிய ஐ.டி. பங்கில் லாபத்தைப் பார்க்கும் முன் பணவரவைப் பாருங்கள். மூன்று ஆண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள். அதே மூன்று ஆண்டு, தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தைக் கூட்டுங்கள். நல்ல ஐ.டி. சேவை நிறுவனத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். ரொக்கம் பாதிக்கும் கீழே என்றால், விற்பனை 20 சதவீதம் கூடும்போது வரவேண்டிய பாக்கி 80 சதவீதம் கூடுகிறது என்றால், தணிக்கையாளர் நடுவில் விலகினால், உரிமையாளர் தம் பங்கை அடகு வைத்திருந்தால், அந்தப் பங்கை விட்டு விலகுவதே சரி.

கடலூர், நெய்வேலி, புதுச்சேரி வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் இப்போது சுற்றும் "ஏ.ஐ. பங்கு" பரிந்துரைகள் பெரும்பாலும் இந்த வகை. நேற்றுவரை துணியோ கட்டுமானமோ செய்த நிறுவனம் பெயரில் "டெக்" சேர்த்துக்கொள்கிறது. சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி புதிய தொழிலைக் குறிக்கும் பெயர் வேண்டுமென்றால் முந்தைய ஓராண்டு வருவாயில் பாதியாவது அந்தத் தொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது சொத்தில் பாதியாவது அதில் போட்டிருக்க வேண்டும். இதை ஆண்டறிக்கையில் பத்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். தினமும் 5 சதவீத மேல் சர்க்யூட் (ஒரு நாளில் விலை ஏற அனுமதித்த உச்ச வரம்பு), கைமாறும் பங்கோ சில ஆயிரம் மட்டும் என்றால் அது அசைவு அல்ல, தூண்டில். இறங்கும்போதும் கீழ் சர்க்யூட்டில்தான் இறங்கும். விற்க ஆர்டர் போட்டாலும் வாங்க ஆள் இருக்காது. கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் பங்கு இருக்கிறதா என்று பங்குச்சந்தை தளத்தில் பார்த்துவிடுங்கள். பரிந்துரைப்பவருக்கு ஐ.என்.ஏ. அல்லது ஐ.என்.ஹெச். என்று தொடங்கும் செபி பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் செபியின் 1800 266 7575 எண்ணில் கட்டணமின்றி விசாரிக்கலாம்.

காத்திருப்புக்கும் விலை உண்டு. 1,500 ரூபாயை 7 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டிருந்தால் நான்கு ஆண்டில் 1,966 ரூபாய். கூடிய அந்த 466 ரூபாயில், அசையாத பங்கு அதே காலத்தில் கொடுத்த டிவிடெண்டைக் கழித்துவிட்டால் மீதிதான் நம் உண்மையான இழப்பு. 1,900-க்கு 100 பங்கு வாங்கி, 1,450-ல் இன்னொரு 100 வாங்கினால் சராசரி 1,675 ஆகிறது, ஆனால் 1.90 லட்சமாக இருந்த முதலீடு ஒரே நிறுவனத்தில் 3.35 லட்சம் ஆகிவிட்டது. நிறுவனத்தைப் பற்றிய எதுவும் மாறாமல் இதைச் செய்யக் கூடாது. ஓய்வூதியப் பணத்தில் செய்யவே கூடாது.

நாங்கள் சொல்லும் வழி எளிது. வாங்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த எண் மாற வேண்டும், எந்த அளவுக்கு, எந்தக் காலாண்டுக்குள். உதாரணமாக, "கான்ஸ்டன்ட் கரன்சி வளர்ச்சி 3 சதவீதத்திலிருந்து 7-க்கு, அடுத்த ஆண்டு செப்டம்பர் காலாண்டுக்குள்." நான்கு முடிவுகள் வந்தும் அந்த எண் நகரவில்லை என்றால் விலை என்னவாக இருந்தாலும் பாதியையாவது விற்றுவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கின் நஷ்டத்தை அதே வகை நீண்டகால லாபத்தில் கழிக்கலாம், எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துச் செல்லலாம். வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால்தான் அப்படி முன்னெடுத்துச் செல்ல முடியும். இதைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர். எண் நகர்ந்து, விலை மட்டும் நகரவில்லை என்றால் விற்க வேண்டாம். உண்மையில் பொறுமை தேவைப்படும் ஒரே இடம் அதுதான்.

தங்களிடம் எங்கள் கோரிக்கை இது. காலாண்டு முடிவுகள் வரும் நாளில், ரூபாய் லாபத்துக்குப் பக்கத்தில் கான்ஸ்டன்ட் கரன்சி வளர்ச்சி, இயக்க லாப விகிதம், புதிய ஒப்பந்த மதிப்பு, ஒருமுறை மட்டுமே வந்த வருமானம் ஆகிய நான்கையும் கடந்த ஆண்டின் அதே காலாண்டு எண்ணோடு ஒரு சிறு பெட்டியில் வெளியிடுங்கள். தரகு நிறுவனங்களின் இலக்கு விலையை வெளியிடும்போது, அதே நிறுவனம் ஆறு மாதம் முன்பு சொன்ன இலக்கையும் கூடவே வெளியிடுங்கள். நம் பகுதியில் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பலர் காலை ஒன்பதே கால் மணிக்கு ஆர்டர் போடுகிறார்கள்.

இப்படிக்கு,
பங்குச்சந்தைக் கணக்குகளைக் கவனித்து வரும் வாசகர்கள்,
புதுச்சேரி.